கடைச் சுவருக்கு எந்தப் பெயிண்ட்?

பொங்கலுக்கு முன் கடைக்கும் கிட்டங்கிக்கும் வெள்ளையடிப்பது நம் வியாபாரிகளிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். முன்பெல்லாம் சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம், ஒரு தென்னை மட்டை இருந்தால் வேலை முடிந்துவிடும். இப்போது பெயிண்ட் கடைக்குப் போனால் டிஸ்டம்பர், எமல்ஷன், எனாமல், சிமெண்ட் பெயிண்ட் என்று நாலு வகையும், ஒவ்வொரு வகையிலும் நாலு விலையும் சொல்கிறார்கள். எதை வாங்குவது என்பதைப் பெரும்பாலும் பெயிண்டரிடமே விட்டுவிடுகிறோம். அரிசியும் பருப்பும் கொள்முதல் செய்யும்போது கையில் அள்ளிப் பார்த்து, ஊதிப் பார்த்து, கடித்துப் பார்த்து வாங்குகிற நாம், பெயிண்ட் விஷயத்தில் மட்டும் டப்பாவின் படத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

நமக்குத் தெரிந்த மளிகை மொத்த வியாபாரி ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் கிட்டங்கியைக் காலி செய்து, சுவர் முழுவதும் எண்ணெய் எனாமல் அடித்தார். துடைத்தால் பளிச்சென்று இருக்கும், பல வருஷம் உழைக்கும் என்பது அவர் எண்ணம். மூன்றாம் நாள் கை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று சரக்கை எல்லாம் உள்ளே அடுக்கி, வழக்கம்போல் இரவில் ஷட்டரை இழுத்து மூடினார். இரண்டு வாரத்தில் தேயிலைத் தூள் மூட்டைகள் சில்லறைக் கடைகளிலிருந்து திரும்பி வர ஆரம்பித்தன. டீயில் பெயிண்ட் வாடை அடிக்கிறதாம். அடுத்து மைதா வந்தது. அவர் தேயிலை அனுப்பியவர் மேல் கோபப்பட்டுக் கடிதம் எழுதினார். அங்கிருந்து வந்த ஆள் மூட்டையை முகர்ந்து பார்க்கவில்லை. நேரே போய்ச் சுவரை முகர்ந்து பார்த்தார். நஷ்டம் முழுவதும் கிட்டங்கிக்காரர் தலையில்தான் விழுந்தது.

இந்த நஷ்டம் ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் பெயிண்ட் பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

காய்ந்தது வேறு, ஆறியது வேறு

எண்ணெய் எனாமலில் வண்ணப் பொடியைப் பிடித்து நிறுத்துவது எண்ணெய் கலந்த ஒரு பிசின். அதை இளக்கி வைத்திருப்பது மினரல் டர்பன்டைன். அடித்த முதல் நாளில் டர்பன்டைன் பெரும்பாலும் ஆவியாகப் போய்விடும். நம் மூக்குக்கு உடனே தெரிவது அந்த வாடைதான். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. மிச்சமிருக்கும் எண்ணெய், காற்றிலுள்ள பிராண வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சித்தான் கெட்டிப்படுகிறது. ஆளி விதை எண்ணெய் தடவிய மரம் நாளாக ஆகக் கெட்டிப்படுவதும் இதே முறையில்தான். அப்படிக் கெட்டிப்படும்போது, ஊசிப்போன எண்ணெயில் அடிக்குமே, அந்த இனத்தைச் சேர்ந்த வாடைகள் வெளியேறிக்கொண்டே இருக்கும். கையில் ஒட்டாத பிறகும் இது பல நாள், மூடிய அறையில் பல வாரம் நடக்கும்.

தேயிலை, காபித் தூள், மாவு, எண்ணெய்ப் பசையுள்ள முந்திரி, கொப்பரை ஆகியவை பக்கத்திலுள்ள வாடையை இழுத்துக்கொள்ளும் சரக்குகள். சோப்பு மூட்டைக்கு அருகே தேயிலையை வைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததும் இதனால்தான். எண்ணெய் பெயிண்ட் அடித்த சுவரும் அந்தச் சோப்பு மூட்டை மாதிரிதான். மூட்டையையாவது நகர்த்தி வைக்கலாம்.

தண்ணீரில் தயாரான பெயிண்டில் டர்பன்டைன் இல்லை. ஆவியாகிப் போவது பெரும்பாலும் தண்ணீர். உணவுச் சரக்கு வைக்கும் இடத்துக்கு அது ஏற்றது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

“தண்ணீர் பெயிண்ட் தண்ணீரில் கரைந்துவிடாதா?”

இந்தக் கேள்வியை நம் உறுப்பினர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். சுண்ணாம்பும் பழைய பசை டிஸ்டம்பரும் கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும்; மழைச் சாரல் பட்டால் வழியும். தண்ணீரில் கலக்கியது தண்ணீரில்தானே போகும் என்று தோன்றுவது இயல்பு.

எமல்ஷன் பெயிண்ட் அப்படியல்ல. குமரி மாவட்டத்தில் ரப்பர் பால் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மரத்திலிருந்து வடியும் பால், தண்ணீர் போல ஓடும்; தண்ணீரோடு கலக்கும். ஆனால் அதில் ரப்பர் கரைந்திருக்கவில்லை; கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாக மிதக்கிறது. ஈரம் போய் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் ரப்பர் ஷீட் ஆகிவிடும். பிறகு அதை எத்தனை நாள் தண்ணீரில் ஊறப் போட்டாலும் மறுபடி பாலாகாது.

எமல்ஷன் பெயிண்டிலும் அதே கதைதான். ரப்பருக்குப் பதில் அக்ரிலிக் அல்லது அது போன்ற செயற்கைப் பிசின். ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் பங்காகப் போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அளவு உருண்டைகள். சுவரில் அடித்ததும் தண்ணீர் ஆவியாகிறது. உருண்டைகள் நெருங்குகின்றன, நசுங்குகின்றன, கடைசியில் ஒன்றாக ஒட்டி ஒரே தோலாகி விடுகின்றன. இந்த ஒட்டுதல் சரியாக நடந்துவிட்டால் பிறகு ஈரத் துணியால் துடைக்கலாம். தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்; ஆனால் தோல் முழுப் பலம் பெறச் சில வாரம் ஆகும். அடித்த மறுவாரமே சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துவிட்டுப் பெயிண்டைக் குறை சொல்வது, முதல் நாள் போட்ட ஊறுகாயை மறுநாளே ருசி பார்த்துக் குறை சொல்வது போலாகும்.

இந்தத் தொழில்நுட்பம் பிறந்ததற்கும் ரப்பருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் இயற்கை ரப்பர் கிடைக்காமல் அமெரிக்கா செயற்கை ரப்பர்ப் பாலைப் பெருவாரியாகத் தயாரித்தது. போர் முடிந்ததும் அந்தத் தொழில்நுட்பம் பெயிண்டுக்குத் திரும்பியது. 1948-இல் கிளிடன் கம்பெனி அந்த வகைப் பாலில் உள்சுவர்ப் பெயிண்ட் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1953-இல் ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனி பெயிண்டுக்கென்றே அக்ரிலிக் பாலை வெளியிட்டது. வெயிலில் மஞ்சளாகும் குறை அக்ரிலிக்கில் குறைவு. நாம் இன்று வாங்கும் எமல்ஷன்கள் அந்த வழியில் வந்தவைதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் பெயிண்ட் என்றால் வெறும் தண்ணீரும் பொடியும் மட்டும் இல்லை. உருண்டைகள் நன்றாக நசுங்கி ஒட்டுவதற்கு மெதுவாக ஆவியாகும் ஒரு திரவம் சேர்ப்பார்கள். அம்மோனியா இருக்கலாம். கெடாமலிருக்கக் கிருமிநாசினி உண்டு. சிலருடைய தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் அரிக்கும். ஐரோப்பிய யூனியன் 2004-இல் கொண்டுவந்த உத்தரவின்படி, 2010 முதல் அங்கே பளபளப்பில்லாத உள்சுவர்த் தண்ணீர் பெயிண்டில் ஆவியாகும் ரசாயனம் லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கும் எண்ணெய் வகைக்கு அங்கே அனுமதித்தது 300 கிராம். பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் பூஜ்யம் அல்ல. ஆகவே எமல்ஷன் அடித்தாலும் சரக்கை வெளியே எடுத்துத்தான் அடிக்க வேண்டும். வாடை அடங்கும் வரை சில நாள் ஜன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். தேயிலையும் மாவும் கடைசியாக உள்ளே போகட்டும்.

கடலை மிட்டாய்க் கணக்கு

இனி விலை விஷயத்துக்கு வருவோம். ஒரே கம்பெனியில், ஒரே வெள்ளையில், ஒன்றுக்கு ஒன்று இரண்டு மூன்று மடங்கு விலை வித்தியாசத்தில் எமல்ஷன்கள் இருக்கின்றன. எதனால்?

கடலை மிட்டாயை நினைத்துக் கொள்ளுங்கள். கடலையும் பாகும் சரியான அளவில் இருந்தால் ஒவ்வொரு கடலையையும் பாகு சுற்றிப் பிடிக்கும். வில்லை கெட்டியாக நிற்கும். பாகு விலை அதிகம் என்று கடலையை மேலும் மேலும் கொட்டினால் ஒரு கட்டத்தில் பாகு எல்லாவற்றையும் சுற்றிப் பிடிக்காது. இடையில் காற்று நிற்கும். கையில் எடுத்தால் உதிரும். பெயிண்டில் கடலை என்பது பொடி. பாகு என்பது பிசின். பிசின்தான் விலை கூடியது. மலிவுப் பெயிண்டில் பிசினைக் குறைத்துச் சுண்ணாம்புக்கல் பொடியைக் கூட்டியிருப்பார்கள்.

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், அப்படிப் பாகு போதாத பெயிண்ட் காய்ந்ததும் மிக வெள்ளையாகத் தெரியும். பொடிக்கு நடுவே நிற்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெள்ளை அது. உப்புக்கல்லை இடித்தால் பொடி வெளுப்பாகத் தெரிகிறதல்லவா? அந்த வெள்ளைதான். அந்த இடத்தில் தண்ணீர் பட்டால் காற்று இருந்த துளையில் தண்ணீர் புகுந்து வெள்ளை மங்கி, பின்னாலுள்ள கறை தெரியும். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் அதே துளை வழியாகத்தான் உள்ளே இறங்குகின்றன. துடைத்தால் அழுக்கோடு பெயிண்டும் வரும்.

நல்ல பெயிண்டில் வெள்ளைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொடி. ஒளியைத் திருப்புவதில் சுண்ணாம்புக்கல் பொடி அதன் அருகே நிற்க முடியாது; பிசின் முழுக்கச் சூழ்ந்திருந்தாலும் டைட்டானியம் வெள்ளையாகவே தெரியும். சுண்ணாம்புக்கல் பொடியைப் பிசின் முழுக்கச் சூழ்ந்தால் கிட்டத்தட்ட கண்ணாடி போல ஆகிவிடும். டைட்டானியத்துக்கு மூலப்பொருளான இல்மனைட், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கறுப்பு மணலில் இருப்பதுதான். மணலாக இருக்கும்போது கறுப்பு. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து வெள்ளைப் பொடியாக்குவதற்குத்தான் செலவு. டைட்டானியப் பொடியிலும் ரூட்டைல், அனடேஸ் என்று இரண்டு ரகம் உண்டு. வெயிலில் அனடேஸ் போட்ட பெயிண்ட் சீக்கிரம் மாவு மாவாக உதிரும். வெளிச்சுவருக்கு ரூட்டைல் ரகம்தான் வேண்டும்.

சோதனை எளிது. வாங்க நினைக்கும் பெயிண்டைச் சிறு டப்பாவில் வாங்கி, ஒரு பலகையில் கறுப்பு மையால் கோடு போட்டு, அதன் மேல் இரண்டு கை அடியுங்கள். இரண்டு வாரம் காயட்டும். பிறகு ஒரு பக்கம் தண்ணீர் தெளியுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் அது காற்று வெள்ளை. மறுபக்கம் ஈரத் துணியால் ஐம்பது தடவை தேயுங்கள். துணியில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். கூரைக்கு அடிப்பதென்றால் காற்று வெள்ளை போதும். அங்கே யாரும் கை வைப்பதில்லை. கல்லாப் பெட்டிக்குப் பின்னால், எண்ணெய் டின் அடுக்கும் மூலையில், மூட்டை உரசும் இடத்தில் அது நிற்காது. எல்லாச் சுவருக்கும் விலை உயர்ந்ததே வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தரையிலிருந்து ஐந்தடி உயரம் வரை நல்லது, அதற்கு மேல் நடுத்தரம் என்று பிரித்து அடிப்பதே வியாபாரிக்குப் பொருந்தும்.

தூக்கிப் பார்த்து எடை போடும் பழக்கமும் இங்கே உதவாது. ஒரே அளவுள்ள இரண்டு பக்கெட்டில் கனமானதே சிறந்தது என்று எண்ணினால் ஏமாறுவோம். பிசின் ஏறக்குறைய தண்ணீரின் எடை. சுண்ணாம்புக்கல் பொடி அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். கல் கூடினால் கனம் கூடும்.

பக்கெட்டில் எவ்வளவு சுவரில் நிற்கிறது

20 அடிக்கு 30 அடி, பத்தடி உயரமுள்ள ஒரு கிட்டங்கியை எடுத்துக் கொள்வோம். நாலு சுவரும் சேர்ந்து 1,000 சதுர அடி. கதவு ஜன்னலைக் கழிக்காத கணக்கு. ஒரு கைக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று வைத்தால் இரண்டு கைக்கு 20 லிட்டர். அதாவது ஒரு பக்கெட்.

அந்த 20 லிட்டரில் பிசினும் பொடியுமாகக் கெட்டியான பொருள் நூற்றுக்கு 35 பங்கு என்று கொண்டால், சுவரில் கடைசியாக நிற்பது 7 லிட்டர். மீதி 13 லிட்டர் காற்றில் போய்விடும். 7 லிட்டரை 1,000 சதுர அடியில் பரப்பினால் கனம் 0.075 மில்லிமீட்டர். நாம் பில் எழுதும் தாளை விட மெல்லியது! இவ்வளவு மெல்லிய தோலைத்தான் பல வருஷம் உழைக்கச் சொல்கிறோம்.

இப்போது பெயிண்டர் 14 லிட்டரை மட்டும் எடுத்து, தண்ணீரை ஊற்றி 1,000 சதுர அடியையும் முடித்துவிட்டார் என்று வையுங்கள். மீதி 6 லிட்டர் எங்கே போயிற்று என்று இங்கே கேட்க வேண்டாம். அன்று மாலை பார்த்தால் சுவர் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் நிற்பது 4.9 லிட்டர்; கனம் 0.053 மில்லிமீட்டர். நூற்றுக்கு முப்பது பங்கு பெயிண்ட் சுவரில் இல்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் சுவரில் நிற்பது கூடாது. பாலில் தண்ணீர் கலந்தால் உடனே கண்டுபிடிக்கிற நாம், இதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆகும்.

டப்பாவின் மேல் எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம் என்று எழுதியிருக்கும். அந்த அளவு நியாயமானது. அது இல்லாமல் பிரஷ் இழுக்காது. அதை அளந்து ஊற்றச் சொல்லி முதல் நாள் காலையில் நாமே நிற்க வேண்டும். கூலியைச் சதுர அடிக்கும், பெயிண்டை நம் கையாலும் என்று பிரித்து ஒப்பந்தம் செய்தால் பாதித் தகராறு வராது.

சுவர் சம்மதித்தால்தான்

எந்த நல்ல பெயிண்டும் மோசமான சுவரில் நிற்காது. நம் பக்கத்தில் மூன்று கோளாறுகள் அதிகம்.

முதலாவது, பழைய சுண்ணாம்பின் மேலேயே எமல்ஷன் அடிப்பது. எமல்ஷன் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு சுவரைப் பிடித்திராது. ஆறு மாதத்தில் அப்பளம் போல ஏடு ஏடாக எழும்பும். உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். கை வெளுத்தால் சுரண்டிக் கழுவி, பிரைமர் அடித்த பிறகே மேல் வேலை.

இரண்டாவது, புதுப் பூச்சு. சிமெண்ட் பூச்சு கடுங்காரம் உள்ளது. எண்ணெய் பெயிண்டை அந்தக் காரம் சோப்பாக்கிவிடும். சோப்புத் தொழிலில் எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அதுவே சுவரிலும் ஆகிறது. பிசுபிசுத்து உரியும். அக்ரிலிக் எமல்ஷன் காரத்தை நன்றாகத் தாங்கும். இருந்தாலும் பூச்சுக்கு 28 நாள் அவகாசம் கொடுத்து, ஈரம் நன்றாக வற்றிய பிறகு தொடங்குவதே முறை.

மூன்றாவது ஓதம். தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைச் சுமந்து வந்து, பெயிண்டுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகும். உப்புப் பூத்துப் பொரிந்து விழும். இதற்குப் பெயிண்டில் மருந்து இல்லை. ஓதம் வரும் வழியை அடைக்க வேண்டும். அது வரை அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பே மேல். ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காமல் வெளியே விடும் என்பதால் சொல்கிறோம். மூட்டையை எப்படியும் சுவரிலிருந்து தள்ளித்தான் அடுக்குவோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் வேலை எடுக்க வேண்டாம். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது பெயிண்டின் தண்ணீர் போக இடமில்லாமல் தவிக்கும். முதல் சாரலில் சோப்பு நுரை வழிந்தது போலக் கோடு விழுந்தால் பதற வேண்டாம். பெயிண்டிலுள்ள கரையும் பொருள் மேலே வந்ததுதான் அது. பெரும்பாலும் தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

பழைய பெயிண்டைச் சுரண்டும் முன்

இந்தப் பகுதியை எல்லோரும் நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

பழைய எண்ணெய் பெயிண்டில், முக்கியமாக மஞ்சள், பச்சை, ஆரஞ்சு நிறங்களிலும் சில இரும்புப் பிரைமர்களிலும், காரீயம் இருக்கக்கூடும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, அது வெள்ளீயம், இது வேறு. காரீயம் உடம்பில் சேர்ந்தால் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கும் பெயிண்டில் காரீயம், காய்ந்த பொருளின் எடையில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016 நவம்பரில் விதி வெளியிட்டது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. தயாரிப்பவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் இந்த விதி பொருந்தும். டப்பாவில் அந்த வாசகம் இருக்கிறதா என்று பார்த்தே பெயிண்டை வாங்கவும் விற்கவும் வேண்டும். தொழிற்சாலை உபயோகத்துக்கான பெயிண்ட் இந்த விதிக்குள் வராது. மலிவாகக் கிடைத்ததென்று அந்த டின்னை வாங்கி வந்து கடை அலமாரிக்கு அடித்துவிடக் கூடாது.

தண்ணீர் எமல்ஷனில் ஆபத்து குறைவு. எண்ணெய் காய்வதற்குச் சேர்க்கும் காரீய உப்பு அதற்குத் தேவையே இல்லை. நம் கவலை, பல பத்தாண்டுகளுக்கு முன் அடித்துச் சுவரிலும் கதவிலும் இருக்கும் பழைய எனாமல் பற்றியது. அதை உப்புத்தாள் போட்டு உலரத் தேய்த்தால் தூள் பறந்து அரிசிச் சாக்கிலும் பருப்பிலும் படியும். அதை எந்த ஜல்லடையாலும் பிரித்தெடுக்க முடியாது. சரக்கை முழுவதும் வெளியேற்றிய பிறகுதான் சுரண்டலாம். தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்ட வேண்டும். விழுந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் வழித்தெடுத்துப் பையில் கட்ட வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. ஊதுவிளக்கால் எரித்து உரிக்கும் முறை இங்கே கூடவே கூடாது. புகையாக மூச்சில் போகும். பழைய பெயிண்ட் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு நல்ல நிலையில் இருந்தால், அதைக் கிளறாமல் கழுவிவிட்டு மேலே பிரைமர் அடித்து மூடிவிடுவதே நல்லது.

உதிரும் பெயிண்டை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. 2011-இன் உணவுப் பாதுகாப்பு உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளின் 4-ஆம் அட்டவணை, சுவரும் கூரையும் வழவழப்பாக, சுத்தம் செய்ய எளிதாக, பெயிண்டோ பூச்சோ உதிராமல் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதிகாரி வந்து சுவரைப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஷட்டர் பாடம்

ஷட்டருக்கும் இரும்பு ரேக்குக்கும் இப்போது தண்ணீர் எனாமல் வந்திருக்கிறது. வாடை குறைவு, மஞ்சளாவதும் குறைவு. ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். வெறும் இரும்பில் நேராக அடித்தால், காய்வதற்குள்ளேயே துருப்புள்ளி எழும்பும். தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? துரு நீக்கி, துருத் தடுப்புப் பிரைமர் அடித்த பிறகே மேல் கை.

இரண்டாவது, தண்ணீர் எனாமலின் தோல் ஆரம்ப நாட்களில் இளகியிருக்கும். காலையில் அடித்துவிட்டு மாலையில் ஷட்டரைச் சுருட்டிவிட்டால் பட்டையோடு பட்டை அழுந்தி ஒட்டிக்கொள்ளும்; மறுபடி இழுக்கும்போது உரிந்து வரும். கடையை மூடிவைக்கும் விடுமுறை நாளில், இறக்கிய நிலையில் அடித்து, முடிந்த வரை காயவிட்ட பிறகே சுருட்ட வேண்டும். ரேக்கில் டின்களை அடுக்குவதற்கும் இதே விதி. ஒரு வாரம் பொறுத்தால் டின்னின் அடி வட்டம் பெயிண்டில் பதியாது.

எண்ணெய் பெயிண்ட்தான் வேண்டுமென்று இரும்புக்கு அடிப்பவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிச் சாக்குக் குவியலில் போட்டுவிட வேண்டாம். எண்ணெய் காற்றை உறிஞ்சும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி இல்லாமலே பற்றும். துணியைத் தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துப் போட வேண்டும். டர்பன்டைனும் 40 பாகை செல்சியஸுக்கு அருகிலேயே பற்றக்கூடிய ஆவி விடுவது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு சாதாரணம்.

பெயிண்டும் விற்கும் உறுப்பினர்களுக்கு

கிராமப்புறத்தில் மளிகையோடு பெயிண்டும் வைத்து விற்பவர்கள் நம்மில் உண்டு. வாங்கும் பில்லில் எச்.எஸ்.என். எண்ணைப் பாருங்கள். 3209 என்றால் தண்ணீரில் தயாரான பெயிண்ட். 3208 என்றால் தண்ணீர் அல்லாத திரவத்தில் தயாரானது. டிஸ்டம்பர் 3210-இல் வரும். டப்பாவின் மேல் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் இந்த எண் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும். “வாடையில்லாத எனாமல்” என்று ஒருவர் கொடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தண்ணீர் பெயிண்ட் கெட்டுப் போகும் சரக்கு. அதைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பசைகளில் சில, மரநாரிலிருந்து எடுத்தவை. கிருமிக்கு அது தீனி. தொழிற்சாலையில் மருந்து போட்டு மூடியிருப்பார்கள். திறந்து, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, மீதியை மூடி வைத்தால் மருந்தின் பலம் குறைந்து கிருமி ஏறும். சில வாரத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பெயிண்ட் மோர் போல நீர்த்துவிடும். அதில் மருந்தோ வாசனையோ சேர்த்து விற்கலாம் என்று எண்ண வேண்டாம். கிருமி செத்தாலும் அது விட்டுச் சென்ற நொதி பசையைத் தின்றுகொண்டே இருக்கும். வாடிக்கையாளரிடம், தேவையான அளவை வேறு வாளியில் ஊற்றி அதில் மட்டும் தண்ணீர் கலக்கச் சொல்லுங்கள்.

பழைய சரக்கு முதலில் போக வேண்டும் என்ற நம் கிட்டங்கி முறை இதற்கும் பொருந்தும். தயாரித்த மாதம் மேலே தெரியும்படி அடுக்குங்கள். ஒரே சுவருக்கு வாங்குபவருக்கு ஒரே பேட்ச் எண்ணுள்ள டப்பாக்களைக் கொடுங்கள். பேட்ச் மாறினால் வெள்ளையிலும் கூடச் சாயல் மாறும். நிறம் கலந்து கொடுத்த டப்பாவைத் திரும்ப வாங்குவதில்லை என்பதைக் கலப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வெயில் பட வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நீலகிரி உறுப்பினர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மார்கழி, தை உறைபனியில், வெளித் தாழ்வாரத்தில் வைத்த பக்கெட்டில் தண்ணீர் உறைந்தால் பிசின் உருண்டைகள் நசுங்கிச் சேர்ந்து, திரிந்த பால் போலக் கட்டி கட்டியாகிவிடும். உருகிய பிறகு எவ்வளவு கலக்கினாலும் பழைய நிலைக்கு வராது. அந்த இரண்டு மாதம் மட்டும் பக்கெட்டுகளை உள் அறையில், தரையில் படாமல் பலகை போட்டு அடுக்க வேண்டும்.